ஒட்டினால்தான் தெரியும்: மட்டியும் இறாலும் கிருமியோடு மோதும் விதம்

மட்டக்களப்புச் சந்தையில் காலையில் வாங்கிய இறாலை ஐஸ் பெட்டியில் போட்டு வைத்தால், போகப் போகத் தலைப்பக்கம் கறுக்கத் தொடங்கும். "பழுதாப் போச்சு" என்று ஒதுக்குபவர்கள் உண்டு. "அது ஒண்டும் செய்யாது, தலையைக் கிள்ளிப் போட்டுக் கழுவுங்க" என்று சொல்லும் வியாபாரியும் உண்டு. இந்த விஷயத்தில் வியாபாரி சொல்வதுதான் சரி. இறால் கெட்டுவிட்டதா என்பதை மணத்தையும் சதையின் இறுக்கத்தையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கறுப்பு வேறு சங்கதி.

அந்தக் கறுப்பின் பெயர் மெலனின். நம் தோலுக்கும் தலைமுடிக்கும் நிறம் கொடுக்கும் அதே வகைப் பொருள். அதை உண்டாக்கும் நொதியம் பீனோல் ஒட்சிடேசு. இறால் உயிரோடு இருக்கும்போது அந்த நொதியத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று, உள்ளே புகுந்த கிருமியைச் சுற்றி மெலனின் படியச் செய்து அதை முடக்குவது. இறால் செத்தாலும் நொதியம் உடனே ஓய்வதில்லை. காற்றில் ஒட்சிசன் கிடைக்கிற வரைக்கும் அது தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். ஐஸ் அதை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. ஏற்றுமதிக்கு அனுப்புபவர்கள் சோடியம் மெற்றாபைசல்பைற்றுக் கரைசலில் இறாலைத் தோய்ப்பது இதற்காகத்தான். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அந்தச் சல்பைற்று ஒத்துக்கொள்ளாது என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கலாம்.

சரி, உயிருள்ள இறாலில் இந்த நொதியம் எப்போதும் வேலை செய்துகொண்டிருந்தால் இறாலே கறுத்துச் செத்துப்போகும். ஆகவே சாதாரண நேரத்தில் அது செயலற்ற வடிவில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. யார் அதை அவிழ்த்து விடுவது? எப்போது? பதில் குருதியில் மிதந்து திரியும் சில கலங்களிடம் இருக்கிறது. அவை கிருமியை இனங்கண்டு, தொட்டு, ஒட்டிக்கொள்கின்றன. மட்டி, சிப்பி, ஊரி என்ற நத்தை, நண்டு எல்லாவற்றிலும் சாரம் இதுதான், விவரங்கள் மாறும். ஒட்டுவது என்றால் ஏதோ பசை வேலை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கலம் ஒன்றைப் பிடிக்கிற அதே இடத்தில்தான், தான் பிடித்தது என்ன என்ற சேதியும் உள்ளே போகிறது. இந்த இரண்டும் ஒரே மூலக்கூறின் இரண்டு முனைகள். அந்தப் பிடி தளர்ந்தால் என்னென்ன நடக்கும் என்பதைப் பின்னால் பார்ப்போம். சில இடங்களில் பயங்கரமாகவே இருக்கும்.

முதலில் இந்தப் பிராணிகள் வாழும் நீரை நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். வடக்கே பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கமும் கடலைத் தொடும். படுவான்கரை வயல்களின் வடிநீரும் நகரத்தின் கழிவும் கடலின் உப்பும் அதற்குள்தான் கலக்கின்றன. சாதாரண கடல்நீரிலேயே ஒரு மில்லிலீற்றருக்குப் பத்து இலட்சம் அளவில் பக்டீரியாக்கள் இருக்கும்; வைரசுகள் அதைவிடப் பத்து மடங்கு. மட்டியும் சிப்பியும் இந்த நீரை வடித்துத்தான் சாப்பிடுகின்றன. நன்றாக வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்குச் சில லீற்றர் நீரைத் தன் செவுள் வழியாக ஓட்டும். ஒரு லீற்றருக்கு நூறு கோடி பக்டீரியா என்று கணக்குப் போட்டால், ஒரு நாளில் அது எத்தனை கிருமியோடு உரசுகிறது என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் அவற்றுக்குப் பிறபொருளெதிரிகள் கிடையாது. நமக்கு ஒருமுறை வந்த கொப்பளிப்பான் பெரும்பாலும் மறுமுறை வராததற்குக் காரணமான அந்த நினைவுக் கலங்கள், பிறபொருளெதிரிகள் எல்லாம் முள்ளந்தண்டு உள்ள விலங்குகளின் சொத்து. மட்டிக்கும் இறாலுக்கும் மூடிய குருதிக் குழாய்த் தொகுதியும் இல்லை. இதயம் தள்ளும் திரவம் நாடிகளின் முடிவில் திறந்த குழிகளுக்குள் கொட்டி, உறுப்புகளை நேராக நனைத்துவிட்டுத் திரும்பி வருகிறது. அந்தத் திரவத்தில் பாடப்புத்தகம் சொல்கிற மாதிரிக் குருதியும் நிணநீரும் வேறு வேறாக இல்லை, இரண்டும் ஒன்றுதான். இந்தக் கட்டுரையில் அதைக் குருதி என்றே சொல்கிறேன். அதில் மிதக்கும் பாதுகாப்புக் கலங்கள்தான் குருதிக்கலங்கள்.

ஊரி என்றதும், நிலா இரவில் மீன் பாடும் என்று சொல்லப்படும் மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் நினைவுக்கு வராமல் இருக்காது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் நிலா வெளிச்சத்தில் இந்த வாவியில் தோணியேறி அந்தப் பாட்டைக் கேட்டவர். பாடுவது மீன் இல்லை, ஊரிதான் என்று இங்கிருந்த மீனவர்கள் அவருக்குச் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார். பாடினாலும் பாடாவிட்டாலும், அந்த ஊரியின் குருதிக்குள் நடக்கும் சங்கதி பாட்டுக்குக் குறைந்த அதிசயம் இல்லை.

அதைப் பார்ப்பதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவைப்படாது. உயர்தர உயிரியல் வகுப்பில் இருக்கும் சாதாரண நுணுக்குக்காட்டி போதும். உயிருள்ள ஒரு மட்டியின் ஓட்டைக் கத்தி முனையால் கொஞ்சம் நெம்பி, இரண்டு ஓடுகளையும் இழுத்து மூடும் தசைக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி மெதுவாக இழுத்தால் சிறிது திரவம் வரும். சிவப்பாக இருக்காது, ஏறக்குறைய நிறமே இல்லாமல் இருக்கும். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, நுணுக்குக்காட்டியின் ஒளியை நன்றாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். கலங்களுக்கு நிறமில்லாததால் வெளிச்சம் கூடினால் ஒன்றும் தெரியாது. முதலில் உருண்டை உருண்டையாகச் சிறு கலங்கள் மிதக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவில் இருக்கும்.

சில நிமிடங்கள் பொறுத்தால் அவை கீழே இறங்கிக் கண்ணாடியைத் தொடும். தொட்டதும் உருண்டை வடிவம் போய்விடும். தோசைக்கல்லில் ஊற்றிய மா பரவுகிற மாதிரிக் கலம் சுற்றிலும் மெல்லிசாகப் பரவும். நடுவில் கருவும், மணிகள் எனும் நுண்ணிய பைகளும் மட்டும் கொஞ்சம் மேடாகத் தெரியும். விளிம்பிலிருந்து நூலிழைகள் நீளும், சுருங்கும், மறுபடி நீளும். பிறகு கலம் ஊரத் தொடங்கும். இரண்டு கலங்கள் சந்தித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குருதியை எடுப்பதில் சுணங்கினால் ஊசிக்குள்ளேயே கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும். மட்டிக்குக் காயம் பட்டால் அதை அடைப்பதும் இந்தக் கட்டிகள்தான், ஏனென்றால் மட்டியின் குருதி நம்முடையதைப் போல உறைவதில்லை. இறாலின் குருதி உறையும், அதுவும் வேகமாக.

அந்தத் துளியில் இரண்டு விதமான கலங்களை அடையாளம் காணலாம். மணிகள் நிறைந்தவை ஒரு வகை, மணி அதிகமில்லாமல் தெளிவாக இருப்பவை மற்ற வகை. மணியுள்ளவைதான் பொதுவாக மூர்க்கமாகத் தின்பவை. இறாலில் மூன்று வகை சொல்வார்கள்: மணியற்றவை, அரைகுறையாக மணியுள்ளவை, மணி நிறைந்தவை. பீனோல் ஒட்சிடேசின் செயலற்ற வடிவம் பின்னிரண்டு வகைகளின் மணிகளுக்குள்தான் பொதிந்து கிடக்கிறது.

இந்தத் தின்னும் கலங்களை உலகுக்குக் காட்டியவர் இலியா மெச்னிக்கோவ். 1882இல் இத்தாலியின் மெசினாவில் நட்சத்திர மீன் குடம்பிக்குள் ரோஜா முள்ளைக் குத்திவிட்டு, அதைச் சுற்றிக் கலங்கள் வந்து மொய்ப்பதைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்ட பிராணி நீர்த்தெள்ளு. குளத்து நீரில் துள்ளும் அந்தப் பொடிப் பிராணி இறாலின் உறவுக்காரன்தான். உடல் கண்ணாடியாகத் தெரிவதால், ஊசி வடிவ மதுவ வித்துகள் அதன் உடலுக்குள் நுழைவதையும் கலங்கள் ஓடிவந்து ஒட்டி அவற்றைக் கரைப்பதையும் உயிரோடேயே பார்க்க முடிந்தது. எத்தனை கலங்கள் விரைவாக ஒட்டின என்பதைப் பொறுத்துத்தான் தெள்ளு பிழைத்தது அல்லது செத்தது. 1908இல் பால் ஏர்லிச்சோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, நிர்ப்பீடனம் பற்றிய நம் அறிவு முதுகெலும்பில்லாத இந்தச் சின்னப் பிராணிகளில்தான் தொடங்கியது. அப்புறம் மருத்துவம் பிறபொருளெதிரி பக்கம் போய்விட, மட்டியும் இறாலும் நெடுங்காலம் ஓரமாகவே கிடந்தன.

கலம் எதைக்கொண்டு ஒட்டுகிறது? முக்கியமான பிடி இன்டெக்ரின் என்ற புரதம். கடற்பஞ்சு முதல் மனிதன் வரை எல்லா விலங்குகளிலும் இது இருக்கிறது. இரண்டு புரதச் சங்கிலிகள் சோடியாகச் சேர்ந்து ஓர் இன்டெக்ரின் ஆகும். மனிதரில் இப்படி 24 சோடிகள் உண்டு. சோடியின் பெரும்பகுதி கலமென்சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு சின்ன வால் உள்ளே இருக்கும். வெளித்தலை தேடுவது பெரும்பாலும் மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக வரும் ஒரு துண்டை: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பாட்டிக் அமிலம். 1984இல் ஃபைப்ரொனெக்டின் என்ற ஒட்டுப் புரதத்தில் இந்த மூவரிசையைக் கண்டுபிடித்தார்கள். எண்ணி மூன்றே எழுத்து. அதைச் செயற்கையாகச் செய்து திரவத்தில் கரைத்துவிட்டால், கலத்தின் பிடிகள் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டு கண்ணாடியில் ஒட்டாமல் நிற்கும்.

இந்த உத்தியை லிம்னேயா என்ற நன்னீர் நத்தையின் குருதிக்கலங்களில் செய்து பார்த்தபோதுதான் விஷயம் சுவாரசியமாகிறது. கலங்கள் பரவுவது குறைந்தது, அது எதிர்பார்த்ததுதான். பக்டீரியாவைத் தின்பதும் குறைந்தது. கூடவே கலத்துக்கு உள்ளே இருக்கும் எஃப்.ஏ.கே. என்ற கைனேசு தூண்டப்படுவதும் குறைந்தது. கைனேசு என்பது மற்றப் புரதங்களில் பொஸ்பேற்றை ஒட்டி அவற்றின் வேலையை முடுக்கிவிடும் நொதியம். வெளியே பிடி கிடைக்காவிட்டால் உள்ளே அந்த முடுக்கம் இல்லை. அந்தச் சின்னத் துண்டை வெளியே போட்டதும் உள்ளே ஒரு முழு வேலைத்திட்டமே சுணங்கிப்போனது என்றால், ஒட்டுதலையும் சேதியையும் பிரித்துப் பேச முடியாது என்றுதான் அர்த்தம்.

வழமையான ஓட்டம் இப்படி: இன்டெக்ரின் வெளியே எதையாவது இறுகப் பிடித்ததும் பக்கத்து இன்டெக்ரின்களும் அதே இடத்தில் வந்து குவியும். உள்ளே இருக்கும் வால்களில் டேலின் போன்ற புரதங்கள் வந்து மாட்டும். அவை கலத்தின் உள்ளெலும்பான அக்டின் இழைகளோடு கோர்க்கப்பட்டவை. எஃப்.ஏ.கே. அங்கே வந்து தூண்டப்படும். அங்கிருந்து பி.கே.சி., ஈ.ஆர்.கே. என்று சுருக்கப் பெயர் கொண்ட வேறு கைனேசுகளுக்குச் சேதி போகும். விளைவு பல பக்கம் பிரியும். அக்டின் இழைகள் நீண்டு கலம் பரவும். கிருமியைச் சுற்றி வளைத்து விழுங்கும். நைத்திரிக் ஒட்சைட்டும் வீரியமான ஒட்சிசன் மூலக்கூறுகளும் உண்டாகி விழுங்கியதைக் கொல்லும். கருவுக்குள் மரபணுக்கள் விழித்துப் புதிய பாதுகாப்புப் புரதங்களைச் செய்யும்.

சேதி எதிர்த்திசையிலும் போகும். இது மனித வெண்குழியங்களில் நன்றாக ஆராயப்பட்டது. சும்மா மிதக்கும்போது இன்டெக்ரின் மடங்கிய நிலையில் இருக்கும், பிடி தளர்வு. கிருமியின் வாடை வேறு ஏதாவது ஏற்பியில் பட்டால் உள்ளிருந்து வரும் கட்டளை இன்டெக்ரினை நிமிர்த்திப் பிடியை இறுக்கும். இல்லாவிட்டால் எல்லாக் கலமும் கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு குருதியே ஓடாது. நம் குழந்தைகளில் அபூர்வமாகச் சிலர் ஒருவகை இன்டெக்ரின் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். வெண்குழியங்கள் நிறைய இருந்தும் அவை குழாய்ச் சுவரில் ஒட்டி வெளியே வர முடியாததால் அந்தக் குழந்தைகளுக்குத் தொற்றுக்கு மேல் தொற்று வரும். கொப்பூழ்க்கொடி விழவும் சுணங்கும். மட்டியில் இருப்பதும் நம்மில் இருப்பதும் ஒரே பழைய ஏற்பாடுதான்.

இன்னொரு விவரம், வாவிக்காரர்களுக்கு முக்கியமானது: இன்டெக்ரின் பிடிக்க வேண்டுமென்றால் கல்சியம் அல்லது மக்னீசிய அயன் வேண்டும். அந்த அயன்களைப் பிடித்து வைக்கும் இரசாயனம் ஒன்றைத் துளியில் கலந்தால் கலங்கள் உருண்டையாகவே மிதந்துகொண்டிருக்கும். ஆய்வுகூடத்தில் குருதிக்கலங்கள் கட்டியாகாமல் இருக்கச் செய்யும் வேலையே இதுதான்.

இறால் பக்கம் வந்தால் இன்னும் ஒரு படி. சுவீடனின் உப்சாலாவில் கென்னத் சோடர்ஹாலின் குழுவினர் கிரேஃபிஷ் எனப்படும் நன்னீர்ப் பிராணியில் வேலை செய்தார்கள். பார்வைக்குச் சின்னச் சிங்க இறால்தான். 1988இல் அதன் குருதிக்கலங்களிலிருந்து 76 ஆயிரம் டால்டன் நிறையுள்ள ஓர் ஒட்டுப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பின்னாளில் அதற்கு பெரொக்ஸினெக்டின் என்று பெயர் வந்தது. அது கலத்தின் மணிகளுக்குள் கிடக்கும். கிருமியின் சுவர்ச் சர்க்கரைகளைக் குருதியில் உள்ள சில புரதங்கள் இனங்கண்டதும் கலம் தன் மணிகளை வெளியே கொட்டும். புரதத்தை வெட்டும் நொதியங்கள் ஒன்றை ஒன்று தூண்டிக்கொண்டே போய்க் கடைசியில் பீனோல் ஒட்சிடேசின் பூட்டைத் திறக்கும். அதே ஓட்டத்தில் பெரொக்ஸினெக்டினும் ஒட்டும் திறன் பெறும். அது பக்கத்துக் கலங்களின் இன்டெக்ரினில் போய் மாட்டி, "இங்கே வா, இதைப் பிடி" என்று சேதி சொல்லும். அந்தப் புரதமே ஒரு பெரொட்சிடேசு நொதியமாகவும் இருப்பதால் கிருமியைக் கொல்வதிலும் பங்கு உண்டு. கறுப்பாக்கும் நொதியமும் ஒட்டவைக்கும் புரதமும் ஒரே பையில் இருந்து ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. கரும்புலி இறாலிலும் இந்தப் புரதம் இருப்பது பிறகு தெரியவந்தது.

மெலனின் உண்டாகும் வழியில் நச்சுப் பொருள்களும் உண்டாகும். அவை இறாலின் சொந்த இழையத்தையும் சுடும். அதனால் இந்த ஓட்டத்தை மட்டுப்படுத்தும் தடுப்புப் புரதங்களும் குருதியிலேயே இருக்கின்றன. சந்தையில் கறுக்கும் இறாலில் அந்தக் கட்டுப்பாடு அற்றுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இத்தனை முக்கியமான பிடி என்றால் எதிரிகள் அதைச் சும்மா விடுவார்களா? பிரான்சின் பிரித்தானி கரையில் 1987இல் மணிலா மட்டிகள் கூட்டமாகச் சாகத் தொடங்கின. ஓட்டின் உள்விளிம்பில் பழுப்பு நிற வளையம் படிந்திருந்தது. காரணம் விப்ரியோ டேப்பெட்டிஸ் என்ற பக்டீரியா. அதை மட்டியின் குருதிக்கலங்களோடு சேர்த்து வைத்தால், பரவி ஒட்டியிருந்த கலங்கள் தங்கள் நூலிழைகளைச் சுருக்கிக்கொண்டு மறுபடி உருண்டையாகி மிதக்கத் தொடங்கும். கொல்வதற்கு முன்பே பிடியைக் கழற்றிவிடுகிறது. ஒட்டாமல் மிதக்கும் கலங்களை எண்ணுவதே இந்தப் பக்டீரியாவின் வீரியத்தை அளக்கும் ஒரு சோதனையாகிவிட்டது.

ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் மனிதருக்குச் சிஸ்டசோமா நோயைக் கொண்டுவரும் தட்டைப்புழு வேறு விதமாகச் செய்கிறது. நத்தைக்குள் வளரும் பருவத்தில் அது சுரக்கும் பொருள்கள், நத்தைக் குருதிக்கலத்தின் ஈ.ஆர்.கே. சேதியை அமுக்கிவிடுகின்றன. புழுவைத் தாங்கும் நத்தை வகையில் இந்த அமுக்கம் நன்றாக வேலை செய்கிறது. புழுவை எதிர்க்கும் வகையில் அவ்வளவு எடுபடுவதில்லை. அமெரிக்கச் சிப்பிகளை அழிக்கும் பெர்க்கின்சஸ் என்ற ஒட்டுண்ணி இன்னும் துணிச்சல்காரன். சிப்பிக்கலத்தின் மேற்பரப்பில் சர்க்கரையை இனங்காணும் கலெக்டின் என்ற புரதம் உண்டு. பெர்க்கின்சஸ் தன் மேற்பரப்பை அந்தப் புரதத்துக்குக் காட்டி, கலம் தன்னை விழுங்கும்படி செய்துவிட்டு, உள்ளேயே இருந்து பெருகுகிறது. விழுங்கின கலமே அதை உடலெங்கும் சுமந்து திரிகிறது.

நம் நாட்டு இறால் பண்ணைகளைக் கவிழ்த்த வெண்புள்ளி வைரசும் இதே வழியைத்தான் பயன்படுத்துகிறது. அதன் உறைப் புரதங்களில் ஒன்றில் நான் முன்னே சொன்ன அந்த மூன்று அமினோ அமில வரிசை இருக்கிறது. இறால் கலத்தின் இன்டெக்ரின் அதைப் பிடிக்கிறது, வைரசு உள்ளே போகிறது. நோய் வந்த இறாலில் குருதிக்கலங்களின் எண்ணிக்கை சரியும். குருதி உறையவும் சுணங்கும். குளத்துக்குள் நோய் வெடித்தால் மூன்று முதல் பத்து நாளுக்குள் முழு இருப்பும் போய்விடலாம்.

எதிரி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. வட அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில் மென்னோட்டு மட்டி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஒருவகைக் குருதிப் புற்றுநோய் வரும். புற்றாகிய குருதிக்கலத்தின் முதல் அடையாளம் அது ஒட்டும் திறனை இழப்பது. கண்ணாடித் தகட்டில் விட்டால் நல்ல மட்டியின் கலங்கள் பரவும். நோயுள்ள மட்டியின் கலங்கள் எவ்வளவு நேரமானாலும் உருண்டையாகவே கிடக்கும். நோயைக் கண்டுபிடிக்க இந்த ஒரு துளிச் சோதனையே பயன்படுகிறது. அவை கிருமியையும் தின்பதில்லை, பெருகுவது மட்டும்தான். 2015இல் வெளிவந்த ஆய்வு அதைவிட அதிர்ச்சியானது. வெவ்வேறு ஊர்க் கரைகளில் நோயுற்ற மட்டிகளின் புற்றுக்கலங்களை மரபணு ரீதியாகப் பார்த்தால், அவை அந்தந்த மட்டிக்குச் சொந்தமானவையே அல்ல. எப்போதோ ஒரு மட்டியில் தோன்றிய ஒரே கலத்தின் வாரிசுகள் நீர் வழியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றிப் பரவியிருக்கின்றன. அடுத்த வருடமே இரட்டை ஓடுள்ள வேறு சில பிராணிகளிலும் இப்படித் தொற்றும் புற்று இருப்பது தெரிந்தது. மனிதருக்கு இது தொற்றுவதில்லை. மட்டிக் கறி சாப்பிடுபவர்கள் பயப்பட ஒன்றுமில்லை.

கிருமியும் இல்லாமல் புற்றும் இல்லாமல் பிடி தளர்வதுதான் நம் வாவிக்கு அதிகம் பொருந்துகிற விஷயம். பிரெஞ்சுக் கரையில் வளர்க்கப்படும் பசிபிக் சிப்பிகளை 15 நிமிடம் குலுக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. குலுக்கியதும் குருதியில் நோரட்ரினலின் ஏறியது. நமக்குப் பயம் வந்தால் ஏறுகிற அதே சுரப்பு. சிப்பியின் குருதிக்கலத்தில் அதற்கென்று ஏற்பியும் இருக்கிறது. அது தூண்டப்பட்டதும் கலம் தின்பது சிறிது நேரம் குறைந்தது, பிறகு திரும்பி வந்தது. அந்த இடைவெளியில் விப்ரியோ வந்தால் சாவு கூடும். பிடித்த மட்டியைச் சாக்கில் கட்டி, மோட்டார் சைக்கிளில் வெயிலோடு கொண்டுபோய் வேறிடத்தில் வளர்க்க விடுபவர்கள் இதை நினைவில் வைத்திருக்கலாம். விட்ட மட்டி சில நாளில் செத்தால் நீரைக் குறை சொல்வோம், பயணத்தை யோசிப்பதில்லை.

அப்புறம் மாரி. கோடையில் வாவியில் உப்பேறும். மாரி வெள்ளத்தில் ஏறக்குறைய நன்னீராகிவிடும். முகத்துவாரம் வெட்டினால் நீர்மட்டம் ஒரேயடியாக இறங்கும், கடல்நீர் திரும்ப ஏறும். மட்டியும் சிப்பியும் தங்கள் குருதியின் உப்பைத் தனியாகக் கட்டுப்படுத்துவதில்லை. வெளிநீர் எப்படியோ உள்ளும் ஏறக்குறைய அப்படித்தான். கடல்நீரில் லீற்றருக்குக் கல்சியம் சுமார் 400 மில்லிகிராம், மக்னீசியம் சுமார் 1,300 மில்லிகிராம் இருக்கும். நன்னீர் கலந்தால் இரண்டும் சரியும், இன்டெக்ரினுக்கு வேண்டிய அயன்களும் அதோடு சரியும். உப்பு திடீரென்று மாறினால் குருதிக்கலங்கள் பரவுவதும் ஊர்வதும் தடுமாறுவது சிப்பிகளில் பார்க்கப்பட்டிருக்கிறது. ஓட்டை இறுக்கி மூடிக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கலாம். அதற்குள் உள்ளே ஒட்சிசன் தீரும். கரும்புலி இறால் பரவாயில்லை, அது உப்பைச் சமாளிக்கும். ஆனால் அந்தச் சமாளிப்புக்குச் செலவாகும் சக்தி வேறெங்கோ குறைகிறது. மெதுவாக நடக்கும் மாற்றத்தை இந்தப் பிராணிகள் தாங்கும். ஒரே இரவில் நடப்பதுதான் ஆபத்து.

கிழக்கில் இறால் பண்ணை புதிய யோசனை இல்லை. இலங்கையில் இந்தத் தொழில் ஆரம்பித்த இடங்களில் மட்டக்களப்பும் ஒன்று. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் வேலை செய்தவர்களும் சேர்த்துப் பலர் கொல்லப்பட்ட படுகொலையை அங்குள்ள மகிழடித்தீவு ஊர் மறக்காது. யுத்தத்தில் இங்கே தொழில் நின்றுபோக, அது புத்தளம், சிலாபம் பக்கமே வளர்ந்தது. அதனால் 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அடி வாங்கியதும் அந்தப் பக்கம்தான். இன்று இங்கே குளம் வெட்டுபவர்களுக்கு அந்தப் பாடம் இலவசமாகக் கிடைக்கிறது.

அவர்களிடம் கடைக்காரர் முதலில் நீட்டுவது "நோய் எதிர்ப்பு பூஸ்டர்". பெரும்பாலும் அதில் இருப்பது மதுவத்தின் கலச்சுவரிலிருந்து எடுத்த பீட்டா குளுக்கன். பொய்ச் சரக்கு என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பூஞ்சணச் சுவரில் இருக்கும் அதே சர்க்கரை என்பதால் இறாலின் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன ஓட்டம் முழுவதையும் தூண்டிவிடும். ஆய்வுகளில் கொஞ்ச நாளுக்குப் பலனும் தெரிகிறது. சிக்கல் என்னவென்றால், எதிரி இல்லாமலே எந்நேரமும் படையைத் திரட்டினால் மணிகள் காலியாகும், நச்சும் சேரும், வளர்ச்சிக்குப் போக வேண்டிய தீனி இதற்குச் செலவாகும். எனவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, எத்தனை நாளைக்குக் கொடுத்து எத்தனை நாள் நிறுத்துவது என்பதைத்தான். "தினமும் போடுங்க" என்று பதில் வந்தால் வேறு கடை பார்ப்பது நல்லது.

தடுப்பூசி என்று யாராவது விற்றால் இன்னும் கவனம் வேண்டும். வெண்புள்ளி வைரசின் உறைப் புரதமான வி.பி.28ஐத் தீனியில் கலந்து கொடுத்தபோது சோதனைத் தொட்டிகளில் சில வாரப் பாதுகாப்பு கிடைத்தது உண்மை. ஆனால் அது பிறபொருளெதிரியால் வந்த பாதுகாப்பு இல்லை. நம் குழந்தைகளுக்குப் போடும் ஊசியின் கணக்கை அதில் எதிர்பார்க்கக் கூடாது.

அதனால் வைரசைக் கலத்தின் பிடி வரைக்கும் வரவிடாமல் வெளியிலேயே மறிப்பதுதான் இன்றைக்கு மலிவான வழி: பரிசோதித்த குஞ்சு, குளத்துக்குள் விடும் முன் வடித்துக் கிருமிநீக்கிய நீர், உறையவைத்த இறாலைத் தீனியாகப் போடாமை. உறைபெட்டிக் குளிரில் இந்த வைரசு சாவதில்லை. நண்டு விஷயமும் உண்டு. வாவியின் களி நண்டு இந்த வைரசைச் சுமந்துகொண்டு நோய்க்குறி ஒன்றும் காட்டாமல் திரியக் கூடியது. இரவில் வரம்பு ஏறிக் குளத்துக்குள் இறங்கவும் தெரிந்தது. அனுபவப்பட்ட பண்ணைக்காரர்கள் குளத்து வரம்பைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வலை அடித்து, அதன் அடியை மண்ணுக்குள் புதைத்து வைப்பது நண்டு தோண்டிக்கொண்டு வராமல் இருக்கத்தான்.